கழற்றிக் கொளுவிப் பார்த்த கெர்னல் இடைமுகம்

யாராவது இயக்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் புதிதாக ஒரு இடைமுகம் வைக்கப் பார்க்கிறோம் என்று சொன்னால், நிரலை வாசிக்கத் தொடங்க முன்னமே நான் கேட்பது, வயரைக் கழற்றினால் என்ன நடக்கும் என்பதைத்தான். இணைந்திருக்கும் கருவிகளைக் கண்டுபிடிக்கிற இடைமுகம் என்றால் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். எல்லாம் கொளுவியபடி இருக்கும்போது எந்தப் பட்டியலும் சரியாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு முன்மொழிவு அண்மையில் எங்கள் மேசைக்கு வந்தது. எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம், லினக்ஸுக்கு ஒரு கெர்னல் மொடியூல் எழுதியிருந்தார். அதை ஏற்றினால், கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ரொக் ஃபோல்டருக்குள் ஒரு கோப்பு தோன்றும். திறந்து வாசித்தால் பெட்டியில் இணைந்திருக்கும் எல்லாக் கருவியும் வரிக்கு ஒன்றாக வரும்: எந்த பஸ் (கருவி இணையும் வழித்தடம்), என்ன எண், தயாரிப்பாளர் எண், பொருள் எண், பெயர், டிரைவர், எந்த டிவைஸ் கோப்பு (கருவியோடு பேச நிரல்கள் திறக்கும் கோப்பு). கெர்னல்காரர்களுக்கு அனுப்ப முன்னம் ஒருக்கா பாருங்கள் அண்ணா என்று தந்தார்.

எதற்காக எழுதினார் என்பதைச் சொல்லாமல் குறைகளை மட்டும் சொல்வது நியாயமில்லை. திருகோணமலை கொட்பேயிலிருந்து போகும் படகுகளுக்கு ஒரு சின்னப் பதிவுப் பெட்டி செய்துகொண்டிருக்கிறோம். உள்ளே ராஸ்பெரி பை 3 என்ற கையளவுக் கணினி, சுருக்கமாகப் பை. அதற்கு ஒரு ஜிபிஎஸ், மற்றக் கப்பல்கள் அனுப்பும் இடத்தகவலைப் பெறும் ஒரு ஏஐஎஸ் ரிசீவர், கடலின் ஆழத்தை அளக்கும் ஒரு ஆழமானி. மூன்றும் யுஎஸ்பி சீரியல் மாற்றி வழியாக ஒரு ஹப்பில் வந்து சேருகின்றன. ஜிபிஎஸ்ஸும் ஆழமானியும் கடல் கருவிகளுக்கான என்எம்இஏ 0183 முறையில் செக்கனுக்கு 4800 பிட் வேகத்தில் பேசும், ஏஐஎஸ் 38400இல். கெர்னல் இந்த மாற்றிகளுக்கு வந்த வரிசைப்படி 0, 1, 2 என்று எண் போடும். அடுத்த முறை பெட்டியைப் போடும்போது அந்த வரிசை மாறலாம். ஏஐஎஸ் மாறினால் குப்பையாக வரும், உடனே தெரிந்துவிடும். ஜிபிஎஸ்ஸும் ஆழமானியும் தங்களுக்குள் மாறினால் வேகம் ஒன்று என்பதால் குப்பை வராது. பதிவு நிரல் தனக்கு வேண்டிய வாக்கியத்தைக் காணாமல் பேசாமல் வெறுமையை எழுதிக்கொண்டே போகும். கரைக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். எனக்கு இதுதான் கூடப் பயமான நிலை.

சாதாரண கணினியில் இதற்கு யூடெவ் என்ற நிரல் இருக்கிறது. கெர்னல் ஒவ்வொரு கருவியையும் சிஸ்எஃப்எஸ் என்ற கோப்பு மரத்தில் காட்டும், வருவதையும் போவதையும் நெட்லிங்க் சொக்கெட் என்ற வழியில் செய்தியாக அனுப்பும், யூடெவ் அதைக் கேட்டு நிலையான பெயர்களை உண்டாக்கும். யூடெவ் வந்தது 2003இல், நெட்லிங்க் வழி அதற்குச் சற்றுப் பிறகு சேர்ந்தது. அதற்கு முன்னம் டெவ்எஃப்எஸ் என்று ஒன்று கெர்னலுக்குள்ளேயே பெயர் வைத்துப் பார்த்தது. கடைசியில் 2006இல், 2.6.18 பதிப்போடு, அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். எங்கள் பெட்டியில் இருப்பது பில்ட்ரூட்டில் கட்டிய சின்ன லினக்ஸ், அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய பிசிபொக்ஸ் மட்டும்தான், யூடெவ் இல்லை. "யூடெவ் முழுதையும் ஏற்றாமல் ஒரு கோப்பை வாசித்தால் எல்லாம் தெரிய வேணும்" என்பதுதான் தம்பியின் நோக்கம். நோக்கம் நல்லது. இதே வடிவத்தில் கெர்னலில் ஏற்கெனவே முன்மாதிரியும் உண்டு, விசைப்பலகை, மவுஸ் போன்ற உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியல் இன்றைக்கும் ப்ரொக்குக்குள் வாசிக்கும்படியாக ஒரே கோப்பில்தான் இருக்கிறது.

சரி, மேசைக்கு வருவோம். ஏகாம்பரம் வீதிப் பக்கம் எங்கள் அறையில் பையும் கரண்ட் தனியாகக் கொடுக்கும் ஹப்பும் ஒரு பக்கம், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பவர் சப்ளை மற்றப் பக்கம். ஹப்பின் கரண்டை மட்டும் அந்த சப்ளையில் கொடுத்தேன். படகில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது பட்டரி ஒரு கணம் இறங்கும், அதைத்தான் இங்கே செய்துபார்க்க வேண்டும். பை உயிரோடு இருக்க ஹப் மட்டும் செத்துப் பிழைக்க வேண்டும்.

முதல் குறை அங்கேயே வெளிவந்தது. தம்பியின் பட்டியலில் ஒரு கருவியை மற்றதிலிருந்து பிரித்துக்காட்டுவது பஸ் எண்ணும் கருவி எண்ணும். யுஎஸ்பியில் கருவி எண் என்பது 1 முதல் 127 வரை கெர்னல் கொடுக்கும் முகவரி. ஒவ்வொரு முறை கழற்றிக் கொளுவும்போதும் அடுத்த எண்ணுக்குப் போகும். வோல்ட்டை இறக்கி ஏற்றினேன், மூன்று மாற்றிகளும் திரும்ப வந்தன, மூன்றுக்கும் புது எண். பட்டியலை வாசிக்கும் நிரலைப் பொறுத்தவரை பழைய மூன்று கருவிகள் செத்துப் புதிதாக மூன்று பிறந்துவிட்டன. இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பதிவு நிரல் பழைய டிவைஸ் கோப்பை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் கெர்னல் அந்த எண்ணை விடுவிக்காது. 0இல் இருந்த ஜிபிஎஸ் திரும்பி வரும்போது 3 ஆகிவிடும்.

சீரியல் எண்ணை வைத்து அடையாளம் காணலாமே என்று தோன்றும். எஃப்டிடிஐயின் எஃப்டி232ஆர் சிப் என்றால் காணலாம், அதற்குள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் எழுதியிருக்கும். தயாரிப்பாளர் எண் 0403, பொருள் எண் 6001 என்று வருவது அதுதான். எங்கள் மூன்றில் ஒன்று அது. மற்ற இரண்டும் சிஎச்340, கடையில் மலிவாகக் கிடைப்பது, சீரியல் எண்ணே இல்லாதது. இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சொட்டாக ஒரே மாதிரித்தான் கெர்னலுக்குத் தெரியும். யூடெவ் இருக்கும் கணினியில்கூட, தயாரிப்பாளர், பொருள், சீரியல் எண் ஆகியவற்றை வைத்து அது உண்டாக்கும் பெயர் இரண்டுக்கும் ஒன்றாகிவிடும், கடைசியில் ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர் நிற்கும். மலிவான சிபி2102 பலகைகள் சில 0001 என்ற ஒரே சீரியல் எண்ணோடு வருகின்றன, அது இல்லாததைவிட மோசம், ஏனென்றால் எண் இருக்கிறது என்று நிரல் நம்பிவிடும்.

மாறாமல் நிற்பது ஒன்றே ஒன்றுதான், போர்ட் பாதை. பையின் எந்த ஓட்டையில் ஹப், ஹப்பின் எந்த ஓட்டையில் மாற்றி என்று புள்ளி வைத்து வரும் எண்: 1-1.4.2 போல. எத்தனை முறை கரண்ட் போய் வந்தாலும் அது அப்படியே இருந்தது. கெர்னல் தன்னுள்ளே கருவிக்கு வைக்கும் பெயரே அதுதான், ஆனால் தம்பியின் பட்டியலில் அது இல்லை. முதல் திருத்தமாக அதைத்தான் எழுதினேன்: கருவி எண் இருக்கட்டும், ஆனால் அடையாளம் போர்ட் பாதை. சிஸ்எஃப்எஸ் மரத்தில் எது எதற்கு மேலே இருக்கிறது என்பதை நம்பி நிரல் எழுதாதீர்கள் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது, அது பொதுவான கணினிக்குச் சரியான புத்திமதி. எங்களுடையது திருகாணி போட்டு மூடிய பெட்டி. இதில் எந்த ஓட்டை என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியதே.

அடுத்தது நேரம். யுஎஸ்பி கருவி வந்தவுடன் மொடியூலுக்கு அறிவிப்பு வருகிறது, உடனே பட்டியலில் சேர்க்கிறது. ஆனால் கருவி வருவதும் அதற்கு டிரைவர் பொருந்துவதும் இரண்டு வேறு சம்பவம். டிரைவரைக் கெர்னலோடு சேர்த்தே கட்டியிருந்தால் இந்த இடைவெளி கண்ணில் படாது. எங்கள் பெட்டியில் சிஎச்340 டிரைவர் தனி மொடியூல், யாராவது ஏற்ற வேண்டும். பெட்டியைப் போட்டவுடன் பட்டியலைப் பார்த்தால் கருவி இருக்கிறது, டிரைவர் என்ற இடத்தில் கோடு, டிவைஸ் கோப்பு என்ற இடத்தில் ஒன்றுமில்லை. சிறிது நேரம் கழித்து டிரைவர் ஏறிய பிறகும் அந்த வரி மாறவில்லை, ஏனென்றால் யுஎஸ்பி அறிவிப்பு வருவதையும் போவதையும் மட்டும்தான் சொல்லும். டிரைவர் பொருந்தியதைக் கேட்க பஸ் மட்டத்தில் வேறு அறிவிப்பு இருக்கிறது, அதில் பதிவுசெய்ய வேண்டும்.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் என்னைக் கனநேரம் பிடித்து வைத்தது. தம்பி யுஎஸ்பியோடு நிற்காமல், பலகையிலேயே உள்ள சிப்புகள் இணையும் ஐ2சி, பிளாட்ஃபோர்ம் பஸ் எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்திருந்தார். பையில் பிளாட்ஃபோர்ம் கருவிகளே ஏராளம். ஆகவே கோப்பு 4096 பைட்டைத் தாண்டிவிட்டது. இப்படியான கோப்புகளைக் கெர்னலில் எழுதுவது சீக்ஃபைல் என்ற வசதியை வைத்து. அது ஒரு பக்க அளவு, அதாவது 4096 பைட் நிரம்பும் வரை வரிகளைச் சேர்த்து வாசிப்பவருக்குக் கொடுத்துவிட்டு, பட்டியல் மாறாமல் பிடித்திருந்த பூட்டை விட்டுவிடும். அடுத்த வாசிப்பில் இத்தனையாவது வரியிலிருந்து என்று எண்ணித் தொடரும். அந்த இடைவெளியில் ஒரு கருவி போய்விட்டால்? வகுப்பில் இடாப்புக் கூப்பிடும் ஆசிரியர் பெயரைப் பார்க்காமல் பன்னிரண்டாவது பிள்ளை, பதின்மூன்றாவது பிள்ளை என்று வாங்கில் எண்ணிக்கொண்டு போகும்போது முன்வாங்கில் ஒருவன் எழும்பிப் போய் எல்லோரும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தால், நடுவில் ஒரு பிள்ளை கூப்பிடப்படாமலே போகும். அதேதான்.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், தம்பியும் நம்பவில்லை. ஒரு துண்டு வாசித்து, நின்று, அடுத்த துண்டு வாசிக்கிற சின்ன நிரல் ஒன்று எழுதி, நிற்கும் நேரத்தில் ஆழமானியின் மாற்றியைக் கழற்றினேன். பட்டியலில் யுஎஸ்பி முன்னுக்கு வருவதால் பின்னால் உள்ள எல்லாம் ஒன்று முன்னே நகர்ந்தன. இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்த்தால் டிஎஸ்3231 நேரக் கடிகாரத்தைக் காணவில்லை. அது பலகையில் சோல்டர் பண்ணியிருக்கிறது, யாரும் தொடவில்லை, அது எங்கேயும் போகவுமில்லை. ஆழமானியைக் கழற்றினால் கடிகாரம் காணாமல் போகிறது என்று படகில் ஒருத்தருக்கு நடந்தால் அவர் எங்கே போய்த் தேடுவார்! மூன்று யுஎஸ்பி கருவிகளை மட்டும் பட்டியலிட்டுச் சோதித்த வரைக்கும் எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியிருக்கும், இந்தப் பிழை தலைகாட்டியே இருக்காது.

திருத்தம் கடினமில்லை. வரி வரியாகக் கொடுக்காமல் முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில், ஒரே பூட்டுக்குள் எழுதிவிட வேண்டும். இடம் போதாவிட்டால் சீக்ஃபைல் தானாகவே இடத்தை இரட்டிப்பாக்கித் திரும்ப எழுதச் சொல்லும். வாசிப்பவர் எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் ஒரு கணத்துப் படம் முழுதாகக் கிடைக்கும்.

நான்காவது, பெயர். வரியின் சொற்களை இடைவெளி விட்டுப் பிரித்திருந்தார், ஆனால் கருவியின் பெயரிலேயே இடைவெளி வரும், அந்தப் பெயரைக் கொடுப்பதும் கருவிதான். யுஎஸ்பி கருவி தன் பெயரை என்னவென்றும் சொல்லலாம். இதைக் காட்ட ஒரு பை ஸீரோவை எடுத்தேன். அதை யுஎஸ்பி கருவியாக நடிக்க வைக்கலாம், பெயரையும் நாமே எழுதிக் கொடுக்கலாம். முதலில் ஆசைக்கு 'ஆழமானி' என்று தமிழிலேயே கொடுத்தேன். யுஎஸ்பிக்குள் பெயர்கள் யூனிகோட்டில்தான் போகின்றன, கெர்னல் அதை யூடிஎஃப்-8க்கு மாற்றிக் காட்டியது, பட்டியலில் எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது. எனக்கு மெய்யாகவே சந்தோசம். அப்புறம் பெயருக்கு நடுவில் ஒரு புதுவரி எழுத்தை வைத்து, அதற்குப் பின்னால் இல்லாத ஒரு ஜிபிஎஸ்ஸின் முழு வரியையும் எழுதினேன். பட்டியலில் ஜிபிஎஸ் ஒன்று முளைத்தது. வாசிக்கும் நிரலுக்கு அது பொய் என்று தெரிய வழியே இல்லை. யூடெவ் இடைவெளிகளையும் இப்படியான எழுத்துகளையும் மாற்றி எழுதுவது இதற்காகத்தான். சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு கோப்பில் ஒரே மதிப்பு என்ற விதி வைத்திருப்பதன் பயனும் இங்கே விளங்கும், பெயர் தன் கோப்பை விட்டு வெளியே போய் இன்னொரு கருவியாக வேடம் போட முடியாது.

கடைசியாக, மாற்றம் நடந்தது எப்படித் தெரியும்? இரண்டு செக்கனுக்கு ஒருமுறை வாசித்து ஒப்பிடலாம் என்று முன்மொழிவில் இருந்தது. எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும் இறக்கம் ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும். முதல் வாசிப்பிலும் மூன்று, அடுத்த வாசிப்பிலும் மூன்று, போர்ட் பாதையும் அதே, எதுவும் நடக்காதது போலிருக்கும். நிரல் கையில் பிடித்திருப்பதோ செத்த கோப்பு. எந்த வட்டு எங்கே ஏறியிருக்கிறது என்று ப்ரொக்கில் காட்டும் மவுண்ட் பட்டியல் கோப்பு இதற்கு நல்ல உதாரணம், அதில் போல் (poll) என்ற அழைப்பில் காத்திருந்தால் ஏதாவது மாறும்போது கெர்னல் எழுப்பிவிடும். அதோடு கோப்பின் முதல் வரியில் ஒரு வரிசை எண் வைக்கச் சொன்னேன், எந்த மாற்றம் நடந்தாலும் ஒன்று கூடும். ஒரு கருவி போனதும் வந்ததும் இரண்டு மாற்றம், ஆகவே எண் குறைந்தது இரண்டு கூடியிருக்கும், இடையில் தூங்கிய நிரலுக்கும் தெரிந்துவிடும். கெர்னல் தன் செய்திகளுக்கு இதே மாதிரி வரிசை எண் போட்டுத்தான் அனுப்புகிறது.

இவ்வளவையும் திருத்தினால் இது கெர்னலுக்குள் போக வேண்டிய பொருளா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இதில்தான் நாங்கள் இருவரும் இரவு வரை கதைத்தோம். கெர்னல் ஒருமுறை வெளியே காட்டிய வடிவத்தைப் பிறகு மாற்றுவது மிகக் கஷ்டம், பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத விதி. சேர்ப்பதுகூட ஆபத்துத்தான். 2017இல் 4.14 பதிப்பில் டிரைவர் பொருந்தியதையும் விலகியதையும் சொல்ல இரண்டு புதுச் செய்திகளைச் சேர்த்தார்கள், நான் மேலே சொன்ன அதே இடைவெளியை நிரப்ப. அதுவரை கருவி வந்தது, மாறியது, போனது என்று மூன்றை மட்டும் எதிர்பார்த்து எழுதியிருந்த யூடெவ் விதிகள் பல குழம்பின. மூன்று வருசம் கழித்து, 2020இல் வந்த, யூடெவ்வையும் உள்ளடக்கிய சிஸ்டம்டி தொகுப்பின் 247 வெளியீட்டுக் குறிப்பிலும் இதை விளக்கி விதிகளைத் திருத்தச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டே இரண்டு சொல். தம்பியின் கோப்பில் வரிக்கு ஏழு பத்திகள் (columns) இருக்கின்றன, எட்டாவது ஒன்று தேவைப்படும் நாள் கட்டாயம் வரும்.

"அப்ப பெட்டி போட்டவுடன, எங்கட நிரல் எழும்ப முன்னம் வந்த கருவியள எப்படிப் பிடிக்கிறது அண்ணா?" என்று கேட்டார். சரியான கேள்வி. பதில் ஏற்கெனவே கெர்னலில் இருக்கிறது. சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள நிகழ்வுக் கோப்பில், 'வந்தது' என்பதைக் குறிக்கும் 'add' என்ற சொல்லை எழுதினால், கெர்னல் அந்தச் செய்தியைத் திரும்பவும் அனுப்பும். ஒழுங்குதான் முக்கியம்: முதலில் நெட்லிங்க் சொக்கெட்டைத் திறந்து கேட்கத் தொடங்கிவிட வேண்டும், அதன் பிறகுதான் மரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மாறிச் செய்தால் இரண்டுக்கும் நடுவில் வந்த கருவி இரண்டிலும் அகப்படாது. சரியான ஒழுங்கில் செய்தால் சில கருவிகள் இரண்டு முறை வரும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. செய்திகள் கூடிச் சொக்கெட் நிரம்பினால் வாசிக்கும்போது பிழை வரும், அப்போது மரத்தை முதலிலிருந்து சுற்ற வேண்டும், அதைக் கவனிக்காமல் விடும் நிரல்கள் ஏராளம்.

ஆகவே நான் எழுதிக் கொடுத்த முடிவு இது. கோப்பின் வடிவம் நல்லது, வைத்திருங்கள். அதை உண்டாக்கும் வேலையைக் கெர்னலிலிருந்து எடுத்து ஒரு சின்ன சி நிரலுக்குக் கொடுங்கள். அது நெட்லிங்கைக் கேட்டு, சிஸ்எஃப்எஸ்ஸை வாசித்து, நினைவகத்தில் இருக்கும் ஃபோல்டரில் புதுக் கோப்பாக எழுதி முடித்த பிறகு பழையதன் பெயருக்கு மாற்றட்டும். பெயர் மாற்றம் ஒரே கணத்தில் நடப்பது, வாசிப்பவர் பழைய முழுப் பட்டியலைப் பார்ப்பார் அல்லது புது முழுப் பட்டியலைப் பார்ப்பார், அரைகுறை வராது. எழுப்பிவிடுவதற்கு, கோப்பு மாறியதை அறிவிக்கும் ஐநோட்டிஃபை என்ற வசதி போதும். ப்ரொக்கிலும் சிஸ்எஃப்எஸ்ஸிலும் அதை நம்ப முடியாது, சாதாரணக் கோப்பில் நம்பலாம். எட்டாவது பத்தி வேண்டுமென்றால் நாங்களே சேர்க்கலாம், உலகத்தில் வேறு யாருடைய நிரலும் உடையாது.

தம்பிக்கு முதலில் முகம் வாடித்தான் போனது, கெர்னலில் தன் பெயர் வரும் என்று நினைத்திருந்தவர். அடுத்த கிழமை புது நிரலோடு வந்தார். முதல் வரியில் வரிசை எண், அடையாளத்துக்குப் போர்ட் பாதை, பெயர்களில் ஆபத்தான எழுத்துகளுக்குப் பதில் எண்குறி, தமிழ் எழுத்துகள் அப்படியே. மேலே சொன்ன சோதனைகளைத் திரும்ப ஓட்டினோம். வோல்ட்டை இறக்கி ஏற்றினால் பதிவு நிரல் எழும்பி, பழைய கோப்பை மூடி, அதே பாதையில் வந்த கருவியைத் திறக்கிறது. ஆழமானியைக் கழற்றினால் ஆழமானி மட்டும்தான் போகிறது. பை ஸீரோவின் பொய் ஜிபிஎஸ் இப்போது நீளமான பெயர் கொண்ட ஒரே கருவியாகத்தான் தெரிகிறது.

தீராமல் இருப்பது ஒன்று. உப்புக் காற்றில் பிளக் பச்சை பிடித்துவிடும், படகுக்காரர் கழற்றித் துடைத்து ஓட்டை மாற்றிக் கொளுவிவிடலாம், இரண்டு சிஎச்340உம் இடம் மாறினால் போர்ட் பாதையே பொய் சொல்லும். அதற்குப் பட்டியல் உதவாது, கருவி பேசுவதைக் கேட்க வேண்டும்: ஏஐஎஸ் வாக்கியம் ஆச்சரியக்குறியோடு தொடங்கும், மற்ற இரண்டும் டொலர்குறியோடு, அதற்குள் ஆழமானி டிபிடி என்று சொல்லும், ஜிபிஎஸ் ஆர்எம்சி என்று சொல்லும். அந்தச் சோதனையைப் பதிவு நிரலுக்குள் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். மாரி முடிந்து கடல் அடங்கியதும் பெட்டி கொட்பேயிலிருந்து ஏறும், அதுவரை அதற்குக் கடல் இந்த மேசையும் அந்தப் பவர் சப்ளையும்தான்.